படகு விடுறதுக்கு எந்த கிளாஸ் தண்ணி?

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். ஏழாவது படிக்கும்போது நெய்வேலில இருந்து ஊட்டிக்கு ஸ்கூல் டூர். நான் மேல்பட்டாம்பாக்கத்துக்காரன். எங்க ஊர் பெண்ணையாத்துல வருஷத்துல பாதி நாள் வெறும் மணல்தான். அதனால ஊட்டி ஏரில படகு ஏறினதுமே கையை தண்ணிக்குள்ள விட்டுட்டேன். "டேய், கையை எடுடா, சாக்கடை அது!"ன்னு சார் போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு. சாக்கடைல எதுக்கு சார் காசு குடுத்து போறோம்னு கேக்க அன்னிக்கு தைரியம் வரலை.

இப்போ பொட்டி தட்டுற பொழப்பு. எந்த ப்ராஜெக்ட்லயும் முதல் கேள்வி, "உங்களுக்கு என்ன வேணும்?" அதே கேள்வியை இந்த ஏரிகிட்ட கேட்டுப் பார்த்தேன்.

ஊட்டி ஏரி இயற்கையானது இல்லை. கோயமுத்தூர் கலெக்டரா இருந்த ஜான் சல்லிவன் 1823-25ல ஓடைகளை மறிச்சு உண்டாக்கினது. அப்போ இன்னும் பெருசு. பஸ் ஸ்டாண்டு, குதிரைப் பந்தய மைதானம் எல்லாம் ஏரி விட்டுக்குடுத்த இடம்தான். மிச்சம் சுமார் 65 ஏக்கர். 1973ல சுற்றுலாத் துறை கைக்கு வந்து படகுச் சவாரி ஏரி ஆச்சு. அதுக்கு நடுவுல ஊர் பெருத்து, கழிவெல்லாம் கோடப்பமந்து கால்வாய் வழியா ஏரிக்கு வந்துச்சு. 2001ல வந்த தேசிய ஏரிப் பாதுகாப்புத் திட்டத்துல ஊட்டியும் சேர்ந்துது.

சரி, எவ்ளோ சுத்தம் பண்ணனும்? இங்கதான் மேட்டர்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தண்ணியை அதோட உபயோகத்தை வச்சு ஏ முதல் ஈ வரை அஞ்சு கிளாஸா பிரிச்சிருக்கு. ஏ, கிருமி நீக்கி மட்டும் குடிக்கலாம். பி, குளிக்கலாம். சி, முழு சுத்திகரிப்புக்கு அப்புறம் குடிக்கலாம். டி, மீனுக்கும் காட்டுயிருக்கும். ஈ, பாசனத்துக்கும் தொழிற்சாலைக் குளிர்விப்புக்கும். படகு? காணோம்! இத்தனைக்கும் கடல் தண்ணிக்கு தனியா இருக்கற பட்டியல்ல, உடம்புல தண்ணி படாத பொழுதுபோக்குக்குன்னே ஒரு வகுப்பு (எஸ்.டபிள்யூ. 3) இருக்கு. ஏரிக்குத்தான் இல்லை.

"யாரும் குளிக்கப் போறதில்லையே, டி போதும்"னு சொல்றது சுலபம். டி-ல ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராம் இருந்தா சரி. கோலிஃபார்முக்கு வரம்பே கிடையாது. பி-ன்னா ஆக்சிஜன் 5, பி.ஓ.டி. 3-க்குள்ள, கோலிஃபார்ம் 100 மில்லிக்கு 500-க்குள்ள. என் ஓட்டு பி-க்குத்தான். படகுல போற எந்தக் குழந்தை கையை உள்ள விடாம இருக்கும் சொல்லுங்க? விட்ட கையாலயே மிளகாய் பஜ்ஜியும் சாப்பிடும் :-)

ஆனா பி-யும் பத்தாது. இந்த அளவுகோல் நதிக்குப் பொருந்துற மாதிரி ஏரிக்குப் பொருந்தாது. (1980-கள்ல கங்கைத் திட்டத்துக்கு வச்ச குறியும் இதே பி-தான்.) நதி ஓடிடும், ஏரி நிக்கும். சாக்கடையோட வர்ற பாஸ்பரஸ் அடிச்சேத்துல தங்கிடும். அடியில ஆக்சிஜன் தீர்ந்தா அதுல ஒரு பங்கு மறுபடியும் மேல வரும், பாசி பிடிக்கும். அந்த அஞ்சு கிளாஸ்ல எதுலயும் பாஸ்பரஸ்ங்கற பேச்சே இல்லை.

அமெரிக்காவுல சியாட்டில் பக்கம் வாஷிங்டன் ஏரின்னு ஒண்ணு. ஊட்டி ஏரியை விட ரொம்பப் பெருசுன்னாலும் நோய் ஒண்ணுதான். எட்மண்ட்சன்னு ஒரு பேராசிரியர், பாஸ்பரஸை நிறுத்தினா ஏரி தெளியும்னு சொன்னார். 1958ல மக்கள் ஓட்டுப் போட்டு, தங்க காசுலயே குழாய் போட்டு, 1963-68ல சாக்கடையை வேற பக்கம் திருப்பினாங்க. 1 மீட்டர் ஆழம்கூட சரியா தெரியாத தண்ணி, 1970-கள் நடுவுல 3 மீட்டரைத் தாண்டித் தெரிஞ்சுது.

அதை அளந்தது பெரிய மெஷின் இல்லை. கயித்துல கட்டின ஒரு வட்டத் தகடுதான். 1865ல இத்தாலியப் பாதிரியார் ஆஞ்சலோ செக்கி கப்பல்ல இருந்து கடல்ல இறக்கிப் பார்த்த அதே சங்கதி. தகடு கண்ணுல இருந்து மறையற ஆழம்தான் கணக்கு. "இந்த வருஷம் அரை மீட்டர், அஞ்சு வருஷத்துல 2 மீட்டர்"னு படகுத்துறை போர்டுல எழுதிப் போட்டா டிக்கெட் வாங்கறவனுக்கும் புரியும். பி.ஓ.டி. 3-ன்னா யாருக்கு புரியுது?

டிஸ்கி: அடுத்த தடவை ஊட்டி போகும்போது பையில ஒரு வெள்ளைத் தட்டும் பத்தடி கயிறும் இருக்கும். படகுக்காரர் திட்டினா வாங்கிக்க வேண்டியதுதான். சார்கிட்டயே வாங்கினவன் நான்.