அனகி அடுப்பு

இலங்கையில் பரவலாகப் புழங்கும், சுட்ட களிமண்ணாலான இரட்டை விறகடுப்பு. இதன் வேர் சர்வோதய இயக்கத்தில் இருக்கிறது. ஆசிரியராக இருந்த ஏ. டி. ஆரியரத்ன (1931–2024) 1958இல் தொடங்கிய அவ்வியக்கம், பொருளியலாளர் ஷூமாக்கர் 1966இல் பிரிட்டனில் நிறுவிய இடைநிலைத் தொழில்நுட்ப மேம்பாட்டுக் குழுவோடு சேர்ந்து, 1970களின் பிற்பகுதியில் கிராமத்து அடுப்புகளைத் திருத்த முனைந்தது. மின்சார சபையின் துணையோடு 1980களில் அனகி உருப்பெற்றது.

விறகு வைக்க ஒரே வாய். முன்குழியில் சோற்றுப் பானை கொதிக்கும்; மிஞ்சும் சூடு உள்வழியே பின்குழிக்குப் போய்க் கறிச்சட்டியை வேகவைக்கும். சுற்றிலும் கனமாக மண் பூசுவதால் வெப்பம் வீணாவது குறையும். தீ உள்ளே அடங்கியிருப்பதால், மூன்றுகல் அடுப்பைவிட உடுப்பில் பற்றும் அபாயமும் குறைவு. குயவர்களே வனைந்து விற்றதுதான் இது ஊருக்கு ஊர் பரவியதற்கு முதற்காரணம் எனலாம். புகைபோக்கி கிடையாது, விறகு மிச்சமானாலும் புகை முற்றாக நீங்கவில்லை. அடுப்படியில் நெடுநேரம் நிற்கும் பெண்களுக்கு அது பெருங்குறையே.