அரிக்கொம்பனும் எம். கிருஷ்ணனும்: ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம்?

இந்த எபிசோடுல கம்பம் பள்ளத்தாக்குக்குப் போறோம்.

2023 மே 27. சின்னக்கானலில் பிடிக்கப்பட்டு, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட அரிக்கொம்பன் யானை கம்பம் ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. 144 தடை உத்தரவு போட்டார்கள். யானையால் காயமடைந்த ஒருவர் மூன்று நாளில் இறந்துபோனார். இதுக்கு நடுவுல ஒருத்தர் ட்ரோன் பறக்கவிட்டார். புளியந்தோப்பில் நின்ற யானை அந்தச் சத்தத்தில் மிரண்டு ஓடியது என்று அப்போது செய்தி வந்தது. அவரைப் போலீஸ் பிடித்தது. யானையை ஜூன் 5-ம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

ஒரு வீடியோவுக்காக இவ்வளவு அவசரம் எதுக்கு? இந்தக் கேள்வி வந்தப்போ எனக்கு ஞாபகம் வந்தவர் எம். கிருஷ்ணன். 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். 'தி ஸ்டேட்ஸ்மேன்' பத்திரிகையில் 1950-ல் தொடங்கி, 1996-ல் இறக்கும்வரை, 46 வருஷம் இயற்கை பற்றிப் பத்தி எழுதினார். காட்டுயிர்களைப் படமும் எடுத்தார், பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில்.

அவருடைய கேமரா கடையில் வாங்கினது இல்லை. பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்து அவரே கட்டினது. 'சூப்பர் பாண்டரோசா'ன்னு பேர் வச்சிருந்தார். நல்ல கனம்!

இப்போ ஃபிலிம் காலத்தை யோசிச்சுப் பாருங்க. 35 எம்எம் ரோலில் 36 படம், பெரிய ஃபிலிம் ரோலில் 12 படம்தான். கழுவிப் பார்க்கும்வரை என்ன விழுந்திருக்குன்னே தெரியாது. அதனால கிளிக் பண்ணுறதுக்கு முன்னாடியே நிறையப் பார்த்தாகணும். கிருஷ்ணனுக்கு அந்தப் பார்வைதான் முக்கிய வேலை. 1968-ல் நேரு ஃபெல்லோஷிப் கிடைத்ததும் தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றி ஆய்வு செய்தார். மிரண்டு ஓடும் யானையின் படத்தை வைத்து அந்த மாதிரி ஆய்வு செய்ய முடியாது. யானை என்ன தின்கிறது, குட்டியை எப்படி நடத்துகிறது என்பதெல்லாம் அது நம்மைக் கண்டு பதறாதபோதுதான் தெரியும்.

'மெதுவா எடு'ன்னு சொல்றது வெறும் ரசனை விஷயம் இல்லைன்னு நான் நினைக்கிறேன். மேகமலையும் இன்னைக்குப் புலிகள் காப்பகம்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை காப்பகம் 2021-ல் அறிவிக்கப்பட்டது. சின்னமனூரிலிருந்து மலை ஏறுபவர்கள் கையில் எல்லாம் கேமரா இருக்கு, மெமரி கார்டில் ஆயிரக்கணக்கான படத்துக்கு இடமும் இருக்கு. அதனால காத்திருக்கணும்னு நமக்குத் தோணுறதே இல்லை.

யானை காதை ஆட்டிக்கிட்டே மேயுதுன்னா அது நிம்மதியா இருக்கு. காதை விரிச்சு அசையாம நின்னு, தும்பிக்கையைத் தூக்கி மோப்பம் பிடிச்சா, நம்மைக் கவனிச்சிடுச்சு. அப்போ கேமராவை இறக்கிட்டுப் பின்வாங்கிடுங்க. படம் கிடைக்கலைன்னா பரவாயில்லை. கீழே ஊரில் இருக்கிறவங்களுக்கும் அதுதான் பாதுகாப்பு.