தின்னத் தின்ன மெலிந்த நாய்: சதையி நொதியக் குறைபாட்டைக் கண்டறிந்த கதை

“தின்னுறதெல்லாம் எங்கை பிள்ளை போகுது?” என்று அம்மா கேட்டபோது ஜிம்மிக்கு இரண்டு வயது. காலையில் ஒரு கோப்பை நிறையச் சோறும் மீன் தலையும் தின்னும். முடித்த கையோடு குசினி வாசலில் வந்து நின்று மறுபடியும் கேட்கும். ஆனால் விலா எலும்புகளைத் தூர நின்றே எண்ணலாம். 28 கிலோ இருந்த நாய் நான்கு மாதத்தில் 17 கிலோவுக்கு வந்துவிட்டது.

எங்கள் வீடு கிளிநொச்சி மாவட்டத்தில், பிரதான வீதியிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு காணியில் இருக்கிறது. அப்பாவும் தம்பியும் இல்லாத வீடு. மீள்குடியேறி வந்த நாளிலிருந்து அம்மாவும் நானும் மட்டும்தான். இரவில் படலையடியில் ஆள் அரவம் கேட்டால் முதலில் எழும்புவது நாய்தான். அதனால் ஜிம்மியின் நோய் எங்களுக்குச் சின்ன விடயமாக இருக்கவில்லை.

அந்த நோய்க்குப் பெயர் சதையி நொதியக் குறைபாடு. கண்டுபிடிக்க எங்களுக்கு ஐந்து மாதங்கள் சென்றன. இதே நிலையில் ஒரு நாயை வைத்துக்கொண்டு தவிப்பவர்களுக்கு அந்த அலைச்சல் குறையட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

நாங்கள் தவறாக விளங்கிக்கொண்ட அறிகுறிகள்

இந்த நோயில் நாய்க்குப் பசி குறையாது, கூடும். பெரும்பாலான நோய்களில் நாய் சாப்பாட்டைத் திரும்பியும் பார்க்காது என்பதால், “நல்லாத் தின்னுதுதானே” என்று நாங்களும் இரண்டு மாதங்களை வீணாக்கினோம்.

மலம் வழமையை விடப் பல மடங்கு போனது. சாம்பல் கலந்த மஞ்சள் நிறம், களி போன்ற தன்மை, மேலே எண்ணெய்ப் பளபளப்பு, புளித்த மணம். வயிறு எந்நேரமும் இரைந்துகொண்டிருக்கும், வாயு பிரியும். மயிர் காய்ந்து செம்பட்டையானது. எல்லாவற்றிலும் மோசமானது, ஜிம்மி தன் மலத்தையே தின்னத் தொடங்கியதுதான். அதைக் கெட்ட பழக்கம் என்று நினைத்து நான் இரண்டு தடவை தடியால் அடித்திருக்கிறேன். சமிபாடடையாத உணவு அந்த மலத்தில் அப்படியே இருந்தது. பசியில் இருந்த நாய் அதைத் தேடிப் போனது. இது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அயலவர் ஒருவர், “ஊசி போட்டு விடுங்கோ, அது படுகிற பாட்டைப் பாக்கேலாமல் கிடக்கு” என்றார். அவர் இரக்கத்தில்தான் சொன்னார். அம்மா பதில் சொல்லவில்லை.

முதலில் விலக்க வேண்டிய நோய்கள்

எங்கள் பகுதியில் ஒரு நாய் மெலிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது குடற்புழுவையும் உண்ணிக் காய்ச்சலையும்தான். கொழுக்கிப் புழு குருதியை உறிஞ்சி நாயை உருக்கிவிடும். முரசு வெளிறியிருந்தால் அதன் அடையாளமாக இருக்கலாம். உண்ணி மூலம் பரவும் கிருமிகளும் நாயை மெலிவிக்கும். நீரிழிவிலும் நாய் நன்றாகத் தின்று மெலியும், ஆனால் தண்ணீரும் அளவுக்கு மீறிக் குடிக்கும்.

எங்கள் பகுதிக் கால்நடை வைத்தியர் இவை ஒவ்வொன்றையும் பார்த்தார். மலத்தில் புழு முட்டை இல்லை. பூச்சி மருந்து கொடுத்தும் மாற்றமில்லை. குருதியில் வெல்லம் சரியாக இருந்தது. வழமையான குருதிப் பரிசோதனைகள் எல்லாம் சாதாரணம் என்றே வந்தன. இந்த நோயில் பெரும்பாலும் அப்படித்தான் வரும் என்பதையும், அமைலேசு, இலிப்பேசு அளவுகளைக் குருதியில் பார்த்து நாயில் இதை உறுதிப்படுத்த முடியாது என்பதையும் அவர்தான் சொன்னார். “ரீச்சர், எனக்குச் சதையியிலதான் சந்தேகம்” என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் விஞ்ஞான ஆசிரியை. சமிபாட்டுத் தொகுதியை ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் வரைந்து, இரைப்பைக்குக் கீழே சதையி என்று அம்புக்குறி போட்டுக் காட்டுகிறவள்.

சதையியில் நடப்பது என்ன?

சதையிக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒருவகைக் கலங்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. அவை பழுதானால் நீரிழிவு வரும். மற்றைய வகைக் கலங்கள் கொழுப்பு, புரதம், மாப்பொருள் ஆகியவற்றைச் சமிக்கச் செய்யும் நொதியங்களைச் சிறுகுடலுக்குள் அனுப்புகின்றன. இந்த நோயில் இரண்டாவது வகைக் கலங்களே அழிகின்றன. சதையிக்கு ஒதுக்குத் திறன் அதிகம் என்பதால் ஏறத்தாழ 90 வீதமான திறன் இழந்த பிறகுதான் அறிகுறிகள் வெளியே தெரியும். ஆகவே அறிகுறி தெரியும்போது நோய் ஏற்கெனவே முற்றிவிட்டிருக்கும்.

எந்த நாய்க்கும் இது வரலாம். எனினும் அல்சேஷன் இனத்தில்தான் கூடுதலாகக் காணப்படுகிறது. அந்த இனத்தில் உடலின் எதிர்ப்புச் சக்தியே சதையியைத் தாக்கி அழிப்பதாகவும் அதில் பரம்பரைக்குப் பங்குண்டு என்றும் அறியப்பட்டுள்ளது. பெரும்பாலும் இளம் வயதிலேயே தொடங்கும். வேறு இன நாய்களில் நீண்டகாலச் சதையி அழற்சியின் விளைவாகப் பிந்திய வயதிலும் வரும். ஜிம்மி அல்சேஷன் கலப்பு. குட்டி விற்பதற்காக அல்சேஷன் வளர்ப்பவர்கள், நோய் வந்த நாயை இனப்பெருக்கத்துக்கு விடக்கூடாது.

முடிவு சொல்லும் பரிசோதனை

இந்த நோயை உறுதிப்படுத்துவது ரி.எல்.ஐ. எனப்படும் குருதிப் பரிசோதனை. சதையியிலிருந்து சிறிதளவு திரிப்சினோசன் எந்நேரமும் குருதியில் கலந்துகொண்டிருக்கும். அதன் அளவையே இது பார்க்கிறது. சதையி அழிந்துவிட்டால் அந்த அளவு கீழே விழுந்துவிடும். லீற்றருக்கு 2.5 மைக்கிரோகிராமோ அதற்குக் குறைவோ இருந்தால் நோய் உறுதி. அதற்குச் சற்று மேலே, சந்தேகத்துக்கிடமாக வந்தால் சில கிழமைகள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

குருதி எடுப்பதற்கு முன் ஏறத்தாழ 12 மணித்தியாலம் நாய்க்குச் சாப்பாடு கொடுக்கக்கூடாது. தண்ணீர் கொடுக்கலாம். அந்த ஓர் இரவு முழுவதும் ஜிம்மி குசினிக் கதவைச் சுரண்டியது. அம்மா படுக்கவில்லை.

எங்கள் மாதிரி கொழும்புக்குப் போய், அங்கிருந்து வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டது. காசும் காத்திருப்பும் தேவைப்பட்டன. மூன்றாவது கிழமை முடிவு வந்தது: 1.1. அந்த வசதி இல்லாத இடத்தில், சில கிழமைகள் நொதியம் கொடுத்துப் பார்த்து முடிவெடுக்கும் வைத்தியர்களும் உண்டு. அது உறுதியான சான்று ஆகாது என்றாலும், ஒன்றும் செய்யாமல் இருப்பதை விட நல்லது. அதையும் வைத்தியரின் பார்வையிலேயே செய்ய வேண்டும்.

சிகிச்சை: தூள் அல்லது பச்சைச் சதையி

அழிந்த கலங்கள் திரும்பி வராது. சதையி சுரக்காததை ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடும் நாங்கள் கொடுக்க வேண்டும், நாயின் ஆயுள் முழுவதும். ஒரு வேளை தவறினாலும் அந்த வேளைச் சாப்பாடு வீண்.

விலங்குச் சதையியிலிருந்து எடுத்த நொதியத் தூள் முதல் வழி. தொடக்கத்தில் நாயின் ஒவ்வொரு 10 கிலோ நிறைக்கும் வேளைக்கு ஒரு தேக்கரண்டி என்பது பொதுவான கணக்கு. நாய் தேறிய பிறகு வைத்தியரோடு கதைத்துப் படிப்படியாகக் குறைக்கலாம். மனிதருக்கான நொதிய மருந்துகளும் உண்டு. ஆனால் இரைப்பையில் கரையாதபடி மேற்பூச்சுப் பூசிய மாத்திரைகள் நாய்களில் தூளைப் போல வேலை செய்வதில்லை. எது கிடைக்கிறதோ அதை வைத்தியரிடம் காட்டிய பிறகே கொடுங்கள்.

இரண்டாவது வழி, பச்சைச் சதையி. ஒரு தேக்கரண்டித் தூளுக்குப் பதிலாக 30 முதல் 90 கிராம் வரை வெட்டிய சதையியைக் கொடுக்கலாம். தூளை மட்டும் நம்பினால் என் சம்பளம் தாங்காது. ஆகவே நான் மாட்டிறைச்சிக் கடைக்குப் போனேன்.

கடைக்கார நானாவுக்குச் சதையி என்ற சொல் விளங்கவில்லை. முதல் நாள் மண்ணீரலைத் தந்தார். மண்ணீரல் கருஞ்சிவப்பு, நாக்கைப் போல நீண்டிருக்கும். சதையி வெளிறிய இளஞ்சிவப்பு, சிறு சிறு கட்டிகள் சேர்ந்தது போல, சிறுகுடல் தொடங்கும் இடத்தோடு ஒட்டியிருக்கும். பாடப்புத்தகப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். “இதுவா? இது கழிவோட போறது ரீச்சர், ஆரும் கேக்கிறதில்லை” என்றார். அன்றிலிருந்து எடுத்து வைக்கிறார்.

செய்முறை இதுதான். கொழுப்பை வெட்டி நீக்கி, சதையியைச் சிறிதாக அரிந்து, ஒரு வேளைக்கு ஒரு பொதியாக ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். உறைந்த நிலையில் மாதக்கணக்கில் திறன் குறையாது. அவிக்கவோ, சூடான சோற்றில் கலக்கவோ கூடாது, வெப்பம் நொதியத்தை அழித்துவிடும். தானாக உருகவிட்டு, ஆறிய சாப்பாட்டோடு பிசைந்து கொடுக்க வேண்டும். பச்சை இறைச்சியில் கிருமிகளும் ஒட்டுண்ணிகளும் இருக்கலாம் என்பதால் நல்ல மாட்டிலிருந்து எடுத்ததா என்று கேட்டு வாங்குங்கள். கத்தியையும் பலகையையும் புறம்பாக வையுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பன்றியின் சதையியைப் பச்சையாகக் கொடுப்பதில் வேறு நோய் ஆபத்துகளும் உண்டு என்பதால் வைத்தியரைக் கேளாமல் கொடுக்க வேண்டாம்.

ஐஸ் பெட்டியும் வெள்ளிக்கிழமையும்

எங்கள் வீட்டுக்குள் மாட்டிறைச்சி வந்ததில்லை. அம்மா வெள்ளி விரதக்காரி. முதல் பொதியோடு நான் படலையில் நின்று யோசித்தேன்.

2009 தை மாதம் விசுவமடுவிலிருந்து வெளிக்கிட்டபோது, அப்போதிருந்த நாயின் சங்கிலியைக் கழற்றிவிட்டவர் அம்மாதான். உழவு இயந்திரப் பெட்டிக்குப் பின்னால் அது கொஞ்சத் தூரம் ஓடிவந்தது. பிறகு மாத்தளனில் ஒரு கோப்பைக் கஞ்சியை நாங்கள் பங்கிட்ட நாட்களில்கூட, “அது என்னத்தைத் திண்டிருக்கும்?” என்று அம்மா ஒரு தடவை கேட்டார். அதற்குப் பிறகு அந்த நாயைப் பற்றி அவர் கதைத்ததில்லை.

நான் பொதியோடு உள்ளே வந்தபோது அம்மா ஐஸ் பெட்டியின் ஒரு பக்கத்தை ஒதுக்கி, மூடியுள்ள தகர டின் ஒன்றை வைத்திருந்தார். “இதுக்குள்ள வை. வெள்ளிக்கிழமையில மட்டும் தூளைப் போடு” என்றார். இன்று வரை எங்கள் வீட்டு ஒழுங்கு அதுதான்.

விற்றமின் பி12ஐ மறக்காதீர்கள்

நொதியம் சரியாகக் கொடுத்தும் முதல் மாதம் ஜிம்மி எதிர்பார்த்த அளவுக்குத் தேறவில்லை. காரணம் விற்றமின் பி12. நாயின் குடல் அதை உறிஞ்ச உதவும் காரணி பெரும்பாலும் சதையியிலிருந்தே வருகிறது. போதாததற்கு, சமிக்காத உணவில் பெருகும் பற்றீரியாக்களும் அதை எடுத்துவிடுகின்றன. ஆகவே இந்த நோயுள்ள நாய்களில் பெரும்பாலானவற்றுக்குப் பி12 குறைவாக இருக்கும். அதைச் சரிசெய்யாவிட்டால் நொதியம் மட்டும் போதாது.

வழமையான முறை, கிழமைக்கு ஒரு ஊசி வீதம் ஆறு கிழமைகள், ஒரு மாதம் கழித்து இன்னொன்று, பிறகு மறுபரிசோதனை. நாளாந்தம் வாயால் கொடுக்கும் மாத்திரையும் பலன் தரும். பி கொம்பிளெக்ஸ் ஊசி இதற்குப் பதிலாகாது, அதிலுள்ள பி12 போதாது. பற்றீரியாப் பெருக்கம் அதிகமானால் வைத்தியர் நுண்ணுயிர்கொல்லியும் தருவார். ஜிம்மிக்கு அது ஒரு தடவை தேவைப்பட்டது.

நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை

சாப்பாட்டை இரண்டு, மூன்று நேரமாகப் பிரித்துக் கொடுக்கிறோம். இலகுவில் சமிக்கும் சோறு, முள் நீக்கிய மீன், கோழி போன்றவையே நல்லது. தவிடு, கீரைத் தண்டு போன்ற நார்ப்பொருள் அதிகமுள்ளவற்றைத் தவிர்க்கிறோம்.

நொதியம் இல்லாமல் ஒரு பிஸ்கற்கூடக் கொடுப்பதில்லை. ரியூசனுக்கு வரும் பிள்ளைகள் பாசத்தில் எறிந்த பாண் துண்டுகளால் ஒரு கிழமை முழுக்க வயிற்றோட்டம் வந்தது. இப்போது பிள்ளைகளுக்கே காரணத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

தூளைக் காய்ந்தபடி போடாமல் சாப்பாட்டை ஈரமாக்கிக் கலக்க வேண்டும். சில நாய்களுக்கு நொதியம் வாயைப் புண்ணாக்கி முரசில் இரத்தம் வரச் செய்யும். அப்படி வந்தால் அளவைக் குறைப்பது பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். தூள் எங்கள் மூக்குக்குள் போனாலும் எரிச்சல்தான்.

மாதத்துக்கு ஒரு தடவை நிறுத்து, கொப்பியில் எழுதி வைக்கிறோம். மலத்தின் நிறம் மாறினால் அதையும் எழுதுகிறோம். வைத்தியர் முதலில் கேட்பது அந்தக் கொப்பியைத்தான்.

எல்லா நாய்களும் ஒரேயளவு தேறுவதில்லை. ஒழுங்காக மருந்து கிடைத்தால் பெரும்பாலானவை நல்லபடி வாழ்கின்றன. ஜிம்மியின் மலம் ஒரு கிழமைக்குள் இறுகியது. எட்டு மாதத்தில் 26 கிலோவுக்கு வந்தது. பழைய 28 இன்னும் திரும்பவில்லை.

உங்கள் நாய் நன்றாகத் தின்றும் மெலிந்தால், புழு மருந்தோடு நின்றுவிடாமல் “சதையியைப் பார்க்கலாமா?” என்று கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள்.

நேற்று வெள்ளிக்கிழமை. நான் பாடசாலையால் வந்தபோது அம்மா விறாந்தையில் இருந்து, ஆறிய சோற்றில் தூளைக் குழைத்துக்கொண்டிருந்தார். ஜிம்மி அவசரப்படாமல் பக்கத்தில் படுத்திருந்தது. குசினிக் கதவில் அது அன்றிரவு சுரண்டிய அடையாளம் இன்னும் இருக்கிறது. அதற்குப் பெயின்ற் அடிக்க அம்மா விடவில்லை.