பி பக்கத்தின் கடைசி நிமிடங்கள்

கேசட்டின் மேல் ஓரெழுத்துகூட எழுதியிருக்கவில்லை. அந்தியூரில் ஒரு வீட்டு அட்டாலியில், துணிப்பை ஒன்றுக்குள் கிடந்தது. "எங்கப்பாரு புடிச்சு வெச்சதுங்க. அண்ணமார் சாமி பாட்டுன்னு சொல்லுவாங்க. எங்களுக்கு வெவரம் தெரிஞ்சு அதப் போட்டதே இல்லீங்க" என்றார் வீட்டுக்காரர். யார் பாடியது, எந்த ஊரில், எந்த வருசம் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் இருந்த பெரியவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

பழைய ஒலி, ஒளிப் பதிவுகளைத் தேடியெடுத்துப் பாதுகாப்பது என் வேலை. இந்த வேலையில், போட்டுக் கேட்பதற்கு முன் நன்றாகப் பார்த்துவிட வேண்டும். ஓட்டில் திருகு இல்லை. பசை வைத்து மூடிய மலிவு விலைக் கேசட். நாடாவை டேப் ரிக்கார்டரின் தலையோடு சேர்த்து அழுத்தும் பஞ்சுத் துண்டு உதிர்ந்துபோயிருந்தது. மேல் விளிம்பின் இரண்டு மூலைகளிலும் செல்லோ டேப் ஒட்டியிருந்தது. என் கண் அங்கேதான் நின்றது. கேசட்டில் பதிந்தது அழியக் கூடாது என்றால் அந்த மூலைகளில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுவோம். உடைத்த ஓட்டையை மறுபடி அடைத்தால் மேலே இன்னொன்றைப் பதியலாம். ஆக, யாரோ ஒருவர் காப்பாற்ற நினைத்த பதிவின் மேல் வேறொருவர் பாட்டைப் பதிந்திருக்கிறார்.

ஓட்டைப் பிளேடால் பிளந்து, நாடாவைத் திருகு வைத்த புதிய ஓட்டுக்கு மாற்றினேன். டெக்கின் தலைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு திருகை, பாடுபவரின் 'ச'வும் உடுக்கையின் நுனி ஓசையும் தெளியும் வரை மெல்லத் திருப்பினேன். ஒவ்வொரு டேப் ரிக்கார்டரும் தலையைச் சற்றே வேறு சாய்வில் வைத்துப் பதியும். அந்தச் சாய்வு பிடிபடாவிட்டால் மேல்சுருதி ஓசையெல்லாம் போய்விடும். பிறகு எந்த மென்பொருளாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. சர்வதேச ஒலி, ஒளி ஆவணக் காப்பகச் சங்கம் பரிந்துரைப்பதுபோல் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் டிஜிட்டல் பிரதி எடுத்தேன்.

உடுக்கை முதலில் வந்தது. பிறகு முன்பாட்டுக் குரல், அதைத் தாங்கிப் பிடிக்கும் பின்பாட்டுக் குரல். கதை கிளி பிடிக்கும் கட்டத்தில் நடந்துகொண்டிருந்தது. தங்கை கேட்ட கிளிகளுக்காக அண்ணன்மார் பொன்னரும் சங்கரும் வீரமலைக்குப் போகிறார்கள். பி பக்கத்தில் கொம்பன் பன்றியின் வேட்டை தொடங்குகிறது. குன்னுடையாக் கவுண்டர், தாமரை, பொன்னர், சங்கர், தலையூர்க் காளி என்று இந்தப் பெயர்களைக் கேட்டே வளர்ந்த கொங்குக்காரருக்குக் கதையில் சந்தேகம் வர இடமில்லை. சக்திக்கனல் 1971-ல் பதிப்பித்த 'அண்ணன்மார் சுவாமி கதை'யை எடுத்து வைத்துக்கொண்டு, கேசட்டில் இருப்பது கதையின் எந்தப் பகுதி என்று அடையாளம் கண்டேன்.

ஆனால் ஏட்டில் இருப்பது கதை மட்டும்தான். பாட்டு எப்படி இருந்தது என்பதற்கு நமக்கு இருக்கும் பெரிய சான்று காங்கேயத்துக்குப் பக்கத்து ஓலப்பாளையத்தில் உருவானது. 1960களின் நடுவில் பிரெண்டா பெக் என்ற இளம் மானிடவியல் ஆய்வாளர் அந்த ஊரில் தங்கி ஆய்வு செய்தார். ஈ. சி. ராமசாமி நாவிதர் இரவுதோறும் உடுக்கையோடு பாடிய அண்ணன்மார் கதையை 1965-ல் ஸ்பூல் டேப்பில் பதிந்தார். பிறகு அதே ராமசாமி, பாடாமல், எழுதிக்கொள்வதற்காக நிறுத்திச் சொன்ன கதையையும் வாங்கினார். 1992-ல் சென்னை ஆசியவியல் நிறுவனம் வெளியிட்ட இந்தக் கதையின் இரண்டு தொகுதிகளும் வந்தது அந்தச் சொன்ன வடிவத்திலிருந்துதான். ஒரே ஆள், ஒரே கதை. பாடும்போது கூட்டத்தைப் பார்த்து நீட்டுவார், திரும்பச் சொல்வார், அழவைப்பார். எழுதுபவருக்குச் சொல்லும்போது அதெல்லாம் சுருங்கிவிடும். 1982-ல் வந்த தன் 'தி த்ரீ ட்வின்ஸ்' நூலில் பெக் இந்தக் கதையை விரிவாக ஆராய்ந்தார். அவரது சேகரிப்பு இன்று டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாக நூலகத்தில் இருக்கிறது.

அந்த நாடாக்களுக்கு மதிப்பு கூடியது அவற்றோடு வந்த விவரங்களால். யார் பாடினார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பது அவற்றோடு சேர்ந்தே வந்திருக்கிறது. அந்தியூர்க் கேசட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. எல்லாவற்றையும் நாடாவுக்குள்ளிருந்தே தோண்டியெடுக்க வேண்டியிருந்தது.

முதல் துப்பு சுருதியில் கிடைத்தது. பி பக்கம் போகப்போகப் பாடகரின் குரல் ஏறிக்கொண்டே வந்தது. தொடக்கத்தில் இருந்ததைவிடக் கடைசியில் ஒரு கட்டை அதிகம். வேட்டைக் கட்டத்தில் பாடகருக்கு ஆவேசம் ஏறுவது உண்டு. ஆனால் உடுக்கையின் நாதமும் கூடவே ஏறியது. கூட்டத்தில் அழும் குழந்தையின் குரலும் ஏறியது. எல்லாம் சேர்ந்து ஏறினால் அதற்குக் காரணம் டேப் ரிக்கார்டர்தான். பேட்டரி தளரத் தளர மோட்டார் மெதுவாகச் சுற்றும். அப்படிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் ஒலி மேலே ஏறிவிடும்.

எவ்வளவு ஏறியது என்று அளக்க ஒரு துணை இருந்தது. பந்தலில் எரிந்த டியூப் லைட்டின் சோக் விடாமல் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சோக்கின் ஓசை 100-ல் இருக்கும். இந்த நாடாவில் அது 98-ல் தொடங்கி 110 வரை போயிருந்தது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே குரலை அதன் இயல்பான சுருதிக்கு இறக்க முடிந்தது. துல்லியமாக அல்ல. 1990களில் தென்மண்டல மின்தொகுப்பின் அதிர்வெண் 50-க்குக் கீழே இறங்குவது வாடிக்கை. அதனால் இந்த அளவுகோலுக்கே ஒரு பிசகு உண்டு. பிரதியோடு வைத்த குறிப்பில் இதை எழுதியிருக்கிறேன். நாளைக்கு இந்தப் பாட்டின் சுருதியை ஆராய்கிறவருக்கு அந்த வரி தேவைப்படும். திருத்தாத மூலப் பிரதியையும் அப்படியே வைத்திருக்கிறேன்.

அடுத்த துப்பும் அதே பேட்டரி கொடுத்தது. கொம்பன் புதரை விட்டு வெளியே வரும் இடத்தில் பாட்டு வெட்டுப்பட்டு நிற்கிறது. பேட்டரி தீர்ந்துவிட்டது. நாடா மட்டும் இன்னும் சில நிமிடங்களுக்கு மிச்சம் இருந்தது. அங்கே, அழிபடாமல், பழைய பதிவு தலைகாட்டியது: 'சின்னத் தம்பி' படத்துப் பாட்டு. அந்தக் காலத்தில் ரெக்கார்டிங் சென்டரில் துண்டுச்சீட்டில் பாட்டுகளை எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்குவோம். யாரோ ஆசையாகப் பதிந்து, மூலையை உடைத்து வைத்த சினிமாப் பாட்டுக் கேசட்தான், அவசரத்துக்கு உடுக்கைப் பாட்டுக்குப் போயிருக்கிறது. படம் வந்தது 1991 ஏப்ரலில். உடுக்கைப் பாட்டு அதற்குப் பிந்தியது என்பது உறுதியானது.

எந்த ஆண்டுக்கு முந்தியது? ஏ பக்கத்தில் பாடகர் மூச்சு வாங்க நிறுத்திய ஓர் இடைவெளியில், தூரத்துக் குழாய் ஸ்பீக்கரின் அறிவிப்பு கேட்கிறது. ஹெட்போனில் ஒலியைக் கூட்டி, சோக்கின் ரீங்காரத்தை வடிகட்டிக் கேட்டபோது சொற்கள் ஒவ்வொன்றாகத் தேறின. பெரியார் மாவட்டம், பவானி வட்டம், குருநாதசாமி கோயில், ஜீவா போக்குவரத்துக் கழகத்தின் சிறப்புப் பேருந்துகள். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இந்த நான்கு பெயர்களே போதும். 1979-ல் கோவையிலிருந்து பிரிந்த பெரியார் மாவட்டம் 1990களின் பிற்பகுதியில் ஈரோடு மாவட்டம் ஆனது. போக்குவரத்துக் கழகங்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் 1997-ல் நீக்கப்பட்டன. பெயர் மாறிய பிறகும் ஊர்வாயில் ஜீவா பஸ் கொஞ்ச காலம் ஓடியது உண்மை. ஆனால் மைக்கில் படிக்கும் அறிவிப்பில் மாவட்டம், கழகம் இரண்டுமே பழைய பெயரில் வருவதற்கு அதன் பிறகு வாய்ப்புக் குறைவு.

புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் தேர்த்திருவிழா ஆடியில் நடப்பது. குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் பேர்போன சந்தை அப்போது கூடும். ஆகவே மாதம் தெரிந்தது. அந்தக் குழாய் ஸ்பீக்கர் கேட்கும் தொலைவில் ஓர் ஊரில்தான் பந்தல் இருந்தது என்பதும் தெரிந்தது. வீட்டுக்காரரிடம் அவருடைய அப்பாருவின் இறப்புச் சான்றிதழைக் கேட்டுப் பார்த்தேன். 1994-ன் தொடக்கத்தில் தவறியிருக்கிறார். எஞ்சுவது 1991, 1992, 1993 ஆகிய மூன்று ஆடிகள். இதற்கு மேல் குறுக்க நாடா இடம் தரவில்லை. மேலே ஒரு பேனாக் கிறுக்கல் இருந்திருந்தால் இத்தனையும் ஒரு நொடி வேலை.

குரல் யாருடையது என்பதை நாடா சொல்லாது, மனிதர்தான் சொல்ல வேண்டும். பவானிப் பக்கம் உடுக்கை வாசித்து ஓய்ந்த ஒரு பெரியவரிடம், திருத்திய பிரதியைப் போட்டுக் காட்டினேன். முன்பாட்டுக்குத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தவர், பின்பாட்டு சேர்ந்ததும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். "எங்க மாமனுங்க அது" என்றார். மறுபடி போடச் சொல்லி, முழுப் பக்கத்தையும் கேட்டுவிட்டுத்தான் விட்டார். குடும்பத்தார் ஒப்புதல் கொடுத்த பிறகே அந்தப் பெயர் பதிவேட்டின் பொதுப் பிரதியில் ஏறும். அந்தியூர் வீட்டுக்காரரும் ஒரு நிபந்தனை வைத்தார். அண்ணன்மார் களத்தில் மடியும் படுகளப் பாட்டு எங்காவது கிடைத்தால், நினைத்த நேரத்தில் போட்டுக் கேட்கும் பொருளாக அதை வைக்கக் கூடாது. அதற்குச் சாமி வரும். அந்த நிபந்தனையைச் சொன்னபடியே எழுதிச் சேர்த்திருக்கிறேன். பதிவு செய்தவரின் உரிமையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், பாட்டை வணங்குகிறவரின் உரிமையும் காப்பகத்தின் பொறுப்பில்தான் வருகிறது.

நேரம் குறைவு. யுனெஸ்கோவின் 'அனைவருக்கும் தகவல்' திட்டம் 2019-ல் விடுத்த காந்த நாடா எச்சரிக்கை, 2025 வாக்கில் நாடாக்களை வழக்கமான முறையில் ஓட்டிப் பிரதி எடுப்பதே முடிவுக்கு வரக்கூடும் என்றது. நாடா கெடுவதைக் காட்டிலும், அதை ஓட்டும் டெக்கும் அதன் உதிரிப்பாகமும், பழுது பார்க்கத் தெரிந்த கையும் முன்னதாகப் போய்விடுகின்றன. பழைய ஒலி, ஒளிப் பதிவுகளில் கொங்கு நாடு இழந்தது கொஞ்சமல்ல. கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவின் 'துக்காராம்' (1938) படத்தில் முசிரி சுப்பிரமணிய ஐயர் நடித்தார், பாடினார். படச்சுருள் இன்று நம்மிடம் இல்லை.

கொம்பன் புதரை விட்டு வந்த பிறகு அந்தப் பந்தலில் பாடியது வேறு யாருடைய கேசட்டிலாவது இருக்கலாம். அந்த மூன்று ஆடிகளில் அந்தியூர், புதுப்பாளையம், அத்தாணிப் பக்கம் உடுக்கைப் பாட்டைப் பதிந்தவர்கள் இருந்தால், கேசட்டைப் பழைய டேப் ரிக்கார்டரில் போட்டுப் பார்க்க வேண்டாம். பஞ்சு உதிர்ந்திருந்தால் நாடா சிக்கிக்கொள்ளக்கூடும். உறையையும் மேலே ஒட்டிய சீட்டையும் துடைக்காமல் அப்படியே வைத்திருங்கள். யார் பதிந்தது, எந்த வீட்டு நோம்பிக்கு என்பதை வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு, கேசட்டின் மேல் எழுதாமல் தனித்தாளில் பென்சிலால் எழுதிக் கூடவே வையுங்கள்.