ஆமைக்கு வழி சொல்லும் குழந்தை: தொடக்க வகுப்புக் கணினி குறித்து

தொடக்க வகுப்புகளில் கணினி வேண்டுமா என்ற விவாதம் பெரும்பாலும் கருவியைச் சுற்றியே நடக்கிறது. ஆதரிப்பவர் எத்தனை கணினி என்று கேட்கிறார். எதிர்ப்பவர் எத்தனை மணி நேரம் என்று கேட்கிறார். குழந்தை அதை வைத்து என்ன செய்கிறது, அப்போது ஆசிரியர் எங்கே நிற்கிறார் என்பவையே முதலில் எழவேண்டிய வினாக்கள். லோகோ மொழியின் வரலாறு இதற்குப் போதிய சான்று தருகிறது.

1967இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாலி ஃபர்சைக், சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் உருவாக்கிய லோகோ, குழந்தைகளுக்கென்றே எழுந்த நிரல்மொழி. ஜெனீவாவில் குழந்தை உளவியலாளர் பியாஜேயுடன் பணியாற்றிய பேப்பர்ட், குழந்தை தன் அறிவைத் தானே கட்டிக்கொள்கிறது என்ற கொள்கையில் ஊறியவர். லோகோவின் கட்டளைக்கேற்பத் தரையில் ஊர்ந்த எந்திர ஆமை, பின்னர் திரையில் ஒரு சிறு முக்கோணக் குறியாயிற்று. ‘முன்னே 100’, ‘வலப்புறம் 90’ என்று கட்டளையிட்டால் அது நகரும், திரும்பும், கோடு கிழிக்கும்.

சதுரம் வரைந்து முடித்த எட்டு வயதுக் குழந்தை அடுத்து முக்கோணத்துக்கு வருகிறது என்று கொள்வோம். மூலைக்கு மூலை 60 பாகை திருப்பினால் முக்கோணம் மூடுவதில்லை. பாதி அறுகோணமாக வாய்பிளந்து நிற்கிறது. திருப்பவேண்டியது 120. ‘வெளிக்கோணம்’ என்ற கலைச்சொல் அந்தக் குழந்தைக்குத் தேவையே இல்லை. தானே ஆமையாகித் தரையில் நடந்து பார்த்தால், புறப்பட்ட திசைக்கே மூன்று திருப்பத்தில் மீள எவ்வளவு திரும்பவேண்டும் என்பது உடம்புக்கே பிடிபட்டுவிடும். ஆனால், “எழுந்து நடந்து பார்” என்று சொல்வது யார்? பேப்பர்ட் போதிய அழுத்தம் தராத கேள்வி இது என்பேன்.

1984இல் வெளியான ஆய்வொன்றில் ராய் பீ, மிடியன் கர்லண்ட் இருவரும் நியூயார்க்கில் லோகோ பயின்ற சிறுவர்களைச் சோதித்தனர். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, நாற்காலிகளை ஒழுங்காகத் தள்ளிவைப்பது போன்ற வகுப்பறை வேலைகளைத் திட்டமிட்டுச் செய்யச் சொன்னபோது, நிரல் கற்றவர்கள் மற்றவர்களைவிடச் சிறக்கவில்லை. அங்கே லோகோ பெரிதும் குழந்தைகளின் தன்போக்கிலான கண்டறிதலுக்கே விடப்பட்டிருந்தது. அதே ஆண்டு டக்ளஸ் கிளெமென்ட்ஸ், டொமினிக் கல்லோ வெளியிட்ட ஆய்வில், சிறு குழுக்களாக, ஆசிரியர் துணையுடன் 12 வாரம் லோகோ பயின்ற முதல் வகுப்புக் குழந்தைகள் படைப்பாற்றலிலும், வழியைத் தெளிவாகச் சொல்வதிலும் முன்னேறினர். மொத்தம் 18 குழந்தைகளை வைத்துப் பெரிய முடிவு கட்டக்கூடாதுதான். வயதும் அளவுகோலும்கூட வேறு. ஆயினும் மொழி ஒன்று, கற்பித்த முறை வேறு என்ற வேறுபாட்டைப் புறந்தள்ள முடியாது.

கருவி மட்டும் போதாது என்பதைப் பெரு நாடு பெரிய அளவில் காட்டியது. குழந்தைக்கொரு மடிக்கணினித் திட்டத்தை 319 பள்ளிகளில் ஆராய்ந்து 2012இல் வெளியான மதிப்பீடு, கணிதத்திலும் மொழியிலும் தேர்ச்சி உயர்ந்ததற்குச் சான்றில்லை என்றது. பொது அறிதிறன் சோதனைகளில் சிறிது முன்னேற்றம் தெரிந்தது, அவ்வளவே.

ஆறு, ஏழு வயதில் தலைக்கொரு கணினி தேவையில்லை. இரண்டு மூன்று குழந்தைகளுக்கு ஒன்றும், அருகிலிருந்து கேள்வி கேட்கத் தெரிந்த ஆசிரியரும் போதும். நிதி ஒதுக்கும் கல்வித்துறைகள் முதல் பங்கை ஆசிரியர் பயிற்சிக்கு வைத்துவிட்டு, மிச்சத்தில் இயந்திரம் வாங்கட்டும்.