முதுமைத் தசை இழப்பு: அல்ட்ராசவுண்ட் பரிசோதனை

முதுமையில் தசையின் அளவும் வலுவும் குறையும் சார்கோபீனியாவை, தொடையின் முன்தசைத் தடிமனை அளந்து கண்டறிய உதவும் முறை இது. கதிர்வீச்சு கிடையாது. தொடையில் ஜெல்லைத் தாராளமாகத் தடவி, புரோபை (ஸ்கேன் கருவியின் கையில் பிடிக்கும் பகுதியை) அழுத்தாமல் வைக்க வேண்டும். சற்றே அழுத்தினாலும் தசை நசுங்கி அளவு குறைந்துவிடும். கொழுப்பேறிய தசை திரையில் வெளுத்துத் தெரியும்.

சென்னைப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் ஆலைகளில் உழைத்து ஓய்வுபெற்றோர் ஏராளம். இச்சோதனை அவர்கள் வீட்டருகே கிடைக்க வேண்டும். ஆனால் கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால், பதிவு பெறாத இடத்தில் ஸ்கேன் கருவியைப் பயன்படுத்த முடியாது. அவசியமான சட்டம் அது. எனவே வீட்டருகே நடத்தும் முகாம்களில் முதலில் கைப்பிடி வலுவை அளக்கலாம்: 2019 ஆசிய வழிகாட்டுதலின்படி ஆண்களுக்கு 28, பெண்களுக்கு 18 கிலோவுக்குக் குறைந்தால் சார்கோபீனியா இருக்கலாம் என்ற ஐயம் எழும். அப்படி ஐயம் எழுவோரைப் பதிவு பெற்ற ஸ்கேன் மையத்துக்கோ, கிண்டியில் 2024இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனைக்கோ அனுப்பலாம்.