செரோக்கி மக்கள் அருங்காட்சியகம்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஸ்மோக்கி மலைப்பகுதியிலுள்ள செரோக்கி என்ற ஊரில் அமைந்த வரலாற்று அருங்காட்சியகம். 1948இல் தொடங்கப்பட்டு, 1976இல் இப்போதைய கட்டடத்துக்கு மாறியது.

இந்த மலைநாடு செரோக்கியர் என்னும் அமெரிக்கப் பழங்குடியினரின் பூர்விக மண். 1838இல் அமெரிக்க அரசு படையை ஏவி, ஏறத்தாழ 16,000 பேரை மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் துரத்தியது. ‘கண்ணீர்த் தடம்’ எனப்படும் அந்தக் கொடும்பயணத்தில் சுமார் 4,000 பேர் மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள். எப்படியோ மலையிலேயே தங்கிவிட்ட சிறு தொகையினரின் வழிவந்தவர்களே கிழக்குச் செரோக்கியர். இங்கு அவர்கள் வாழும் நிலம் அரசு ஒதுக்கித் தந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விலைகொடுத்து வாங்கப்பட்டது.

மண்பாண்டங்கள், கற்கருவிகள், முகமூடிகள் ஆகியவற்றோடு, 1821இல் செக்கோயா என்ற செரோக்கியர் உருவாக்கிய எழுத்துமுறையின் வரலாறும் இங்கே சொல்லப்படுகிறது. ஆங்கிலம் படிக்கத் தெரியாத அவர் தம் மொழியின் ஒவ்வோர் அசைக்கும் ஓர் எழுத்து வகுத்தார். 1828இலேயே அந்த எழுத்தில் ‘செரோக்கி ஃபீனிக்ஸ்’ என்ற செய்தித்தாள் அச்சாகிவிட்டது.

செரோக்கியரின் கைத்திறனுக்கு உச்சம், இரட்டைப் பின்னல் கூடை. ஆற்றங்கரை மூங்கிலைப் பிளந்து, சீவி, கருவாதுமை வேரிலும் செங்கிழங்குச் சாற்றிலும் சாயமேற்றிய பிளாச்சுகளால் முடைவது. உள்கூடையின் அடியில் தொடங்கும் பின்னல் மேலேறி, விளிம்பில் மடிந்து, வெளிப்புறமாக இறங்கி, வெளிக்கூடையின் அடியில் முடியும். இரண்டு கூடைகள்; இடையில் ஒட்டோ தையலோ கிடையாது. தென் கரோலினா ஆளுநர் பிரான்சிஸ் நிக்கல்சன் 1720களில் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்ற இத்தகைய கூடை ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. சொந்த ஊரில் இக்கலை ஏறக்குறைய அற்றுப்போன நிலையில், லாட்டி ஸ்டாம்பர் என்ற ஆசிரியை 1940 வாக்கில் அக்கூடையின் படத்தைப் பார்த்தே நுட்பத்தைக் கண்டறிந்து, அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தார். ஒரு சமூகம் தன் கலையை மீட்க, தன்னிடமிருந்து போன பொருளின் நிழற்படத்தை நாட வேண்டியிருந்தது என்பது வேதனைக்குரியது.

பூர்வகுடிகளின் கல்லறைப் பொருள்களைத் திருப்பித்தரக் கோரும் அமெரிக்கச் சட்டம் 1990இல் வந்தது. நெடுங்காலம் ‘செரோக்கி இந்தியர் அருங்காட்சியகம்’ என்றிருந்த இந்த நிறுவனத்தின் பெயர் 2023இல் இப்போதைய பெயராக மாற்றப்பட்டது. அதே ஆண்டு, கல்லறைகளில் எடுத்தவையும் புனிதமானவையுமான பொருள்களை நிர்வாகம் பார்வையிலிருந்து அகற்றியது. சட்டம் வந்து நெடுநாள் தாமதமானாலும் சரியான முடிவு. அந்த இடங்களில் இன்றைய செரோக்கிக் கலைஞர்களின் படைப்புகள் வைக்கப்பட்டன.